சபையும் உள்ளூர் தொண்டு நிறுவனமும் சேர்ந்து வேலை செய்ய: முதல் தீர்மானத்திலிருந்து முதல் வருடக் கணக்கு வரை

‘ஏழைகளுக்கு நம்ம சபை ஏதாவது செய்யணும்’ என்று கமிட்டியில் ஒருவர் சொல்லியிருப்பார். எல்லோரும் தலையாட்டியிருப்பார்கள். கூட்டம் முடிந்து பார்த்தால் பொறுப்பு உங்கள் தலையில் இருக்கும். என் தலையிலும் அப்படித்தான் விழுந்தது. எந்தக் காகிதத்தை முதலில் கேட்பது, யார் கையெழுத்துப் போடுவது, எவ்வளவு காலம் பிடிக்கும் என்று சொல்லித்தர ஆள் இல்லாமல் ஒவ்வொரு கதவாகத் தட்டித்தான் கற்றுக்கொண்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஊரில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் நிறுவனத்துக்குத் துணையாகப் போகிறீர்கள். வேலையை நடத்துவது அவர்கள். இதைச் சபை ஒப்புக்கொண்டால் கீழே உள்ள எல்லாமே சுலபம். ஒப்புக்கொள்ளாவிட்டால் எந்த ஒப்பந்தமும் காப்பாற்றாது.

காலக் கணக்கு: பேச்சு தொடங்கியதிலிருந்து முதல் நாள் வேலை வரை மூன்று முதல் ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘கிறிஸ்துமஸுக்கு முன்னாடி தொடங்கிடலாம்’ என்று அக்டோபரில் யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள்.

1. சபைக்குள் எழுத்துப்பூர்வமான தீர்மானம்

போதகரின் வாய்மொழிச் சம்மதம் போதாது. கமிட்டியிலோ பங்குப் பேரவையிலோ தீர்மானம் போட்டு, மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றிக் கையெழுத்து வாங்குங்கள். அதில் நான்கு விஷயங்கள் இருந்தால் போதும்: எந்தத் தேவைக்காக, சபை சார்பில் பேசப்போகும் இருவர் யார், ஒரு வருடத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள் திரும்பிவந்து அறிக்கை தர வேண்டும்.

இருவர் என்றது சும்மா இல்லை. ஒருவரிடம் மட்டும் விட்டால் அவர் ஊர் மாறும்போது எல்லாத் தொடர்பும் அவர் போனோடு போய்விடும். போதகரை அந்த இருவரில் ஒருவராக வைக்காதீர்கள். அவருக்கு மாற்றலாகும், அதோடு, ‘ஐயா சொல்லிட்டார்’ என்ற ஒரே காரணத்துக்காக யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது: நிறைய திருச்சபைகளில் தனிச் சபைக்குச் சட்டப்படி ஒப்பந்தம் போடும் அதிகாரமே கிடையாது. கட்டடமும் நிலமும் மறைமாவட்டத்தின் பெயரிலோ திருமண்டலத்தின் பெயரிலோ தனி அறக்கட்டளையின் பெயரிலோ இருக்கும். உங்கள் மண்டபத்தைத் தொண்டு நிறுவனம் வாரம் ஒருநாள் பயன்படுத்துவதாக இருந்தால் மேலிடத்து அனுமதிக் கடிதம் தேவைப்படலாம். அதை முதல் வாரத்திலேயே எழுதிக் கேளுங்கள். இந்த வேலையில் அதிக நாள் இழுப்பது இந்தக் கடிதம்தான்.

கமிட்டியில் யாருக்காவது அந்த நிறுவனத்தில் உறவினர், வேலை, வியாபாரத் தொடர்பு உண்டா என்று கேட்டு, பதிலையும் மினிட்ஸில் எழுதுங்கள். இருப்பது தவறில்லை, மறைப்பதுதான் தவறு. தொடர்பு உள்ளவர் அந்த வாக்கெடுப்பில் கலந்துகொள்ள வேண்டாம், அவ்வளவுதான்.

2. நிறுவனத்தைத் தேடுவது

அரசுப் பள்ளித் தலைமையாசிரியர், மருத்துவமனை சமூகப் பணியாளர், வீடற்றோர் விடுதி நடத்துபவர் ஆகியோரிடம் கேளுங்கள். ‘கஷ்டப்படுகிற குடும்பத்தை நீங்க எங்கே அனுப்புவீங்க?’ என்ற ஒரே கேள்வி. ஒரே பெயர் இரண்டு, மூன்று வாயிலிருந்து வந்தால் அங்கே போங்கள். அது கிறிஸ்தவ நிறுவனமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

3. பதிவைச் சரிபார்ப்பது

இதற்கு ஒரு மாலை நேரம் போதும். பெரும்பாலும் செலவும் இல்லை. அவர்கள் அனுப்பும் சான்றிதழ் நகலோடு நிறுத்தாமல், பதிவு எண்ணை வைத்து அரசின் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள்.

இந்தியாவில்: அறக்கட்டளையா, சங்கமா, நிறுவனச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் பதிவான கம்பெனியா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பான் எண், எல்லோரும் 12ஏ (நிறுவனத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (கொடுப்பவருக்கு வரிச்சலுகை) என்று சொல்லும் வருமானவரிப் பதிவுகள், என்.ஜி.ஓ. தர்பன் (தொண்டு நிறுவனங்களுக்கான அரசுத் தளம்) எண் ஆகியவற்றைக் கேளுங்கள். வருமானவரிப் பதிவுகளுக்கு இப்போது காலக்கெடு உண்டு, ஆகவே எந்தத் தேதிவரை செல்லும் என்று பாருங்கள். பழைய ‘நிரந்தர’ச் சான்றிதழைக் காட்டினால் அது போதாது.

இங்கிலாந்து, வேல்ஸில் சாரிட்டி கமிஷன் பதிவேடு. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனித்தனி ஆணையங்கள். கனடாவில் சி.ஆர்.ஏ. என்ற வரித்துறையின் பட்டியல், அங்கே டி3010 என்ற வருடாந்திர அறிக்கையையும் பார்க்கலாம். அமெரிக்காவில் ஐ.ஆர்.எஸ். என்ற வரித்துறையின் தளத்தில் 501(சி)(3) என்ற வரிவிலக்கு நிலையும் 990 என்ற வருடாந்திர அறிக்கைப் படிவமும் கிடைக்கும். சபை நடத்தும் அமைப்பு என்றால் 990 இல்லாமல் இருக்கலாம், அங்கே சபைகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. ஆஸ்திரேலியாவில் ஏ.சி.என்.சி. என்ற தொண்டு நிறுவன ஆணையத்தின் பதிவேடு. சிங்கப்பூரில் சாரிட்டி போர்ட்டல். நன்கொடைக்கு வரிச் சலுகை வேண்டுமானால் ஐ.பி.சி. தகுதி உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். மலேசியாவில் சங்கப் பதிவாளர். இலங்கையில் அரசுசாரா நிறுவனங்களுக்கான தேசியச் செயலகம்.

பதிவேட்டில் இரண்டு விஷயம் கவனியுங்கள். வருடக் கணக்கைக் காலத்தில் தாக்கல் செய்திருக்கிறார்களா? அறங்காவலர் பட்டியலில் ஒரே குடும்பப் பெயர்தான் வரிசையாக இருக்கிறதா? முதலாவது ஒரு வருடம் தாமதமாகியிருந்தால் காரணம் கேளுங்கள், சின்ன நிறுவனங்களில் நடப்பதுதான். இரண்டாவது இருந்தால் யோசியுங்கள்.

4. கேட்டு வாங்க வேண்டிய காகிதங்கள்

பதிவுச் சான்றிதழ், அமைப்பு விதிகள் அல்லது அறக்கட்டளைப் பத்திரம், கடந்த மூன்று வருடத் தணிக்கை செய்த கணக்கு, கடைசி ஆண்டறிக்கை, குழந்தைகள் மற்றும் நலிந்தோர் பாதுகாப்புக் கொள்கை, காப்பீட்டுச் சான்று (பொதுமக்களுக்கு விபத்து நேர்ந்தால் ஈடுகட்டுவது), நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கும் வங்கிக் கணக்குக்கு ஆதாரம். கணக்கு இயக்குநரின் சொந்தப் பெயரில் இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

தணிக்கை அறிக்கையை எண்களிலிருந்து படிக்கத் தொடங்காதீர்கள். தணிக்கையாளர் ஏதாவது ஆட்சேபம் எழுதியிருக்கிறாரா என்று அவருடைய கருத்துப் பகுதியை முதலில் பாருங்கள். அப்புறம் வருமானம்: பெரும்பகுதி ஒரே கொடையாளரிடமிருந்து வந்தால் அவர் கைவிட்டவுடன் நிறுவனம் ஆடிப்போகும். பிறகு கையிருப்பு: நன்கொடை நின்றாலும் சில மாதச் சம்பளம் கொடுக்க முடியுமா?

கமிட்டியில் நிச்சயம் ஒருவர், ‘நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம்?’ என்று கேட்பார். அது குறைவாக இருந்தால் நல்ல நிறுவனம் என்று நாம் பழகிவிட்டோம். ஆனால் கணக்கர் சம்பளம், வாடகை, மின்கட்டணம் இல்லாமல் எந்த உதவியும் நடக்காது. நிர்வாகச் செலவே இல்லை என்று காட்டும் கணக்கைத்தான் நான் சந்தேகிப்பேன்.

கேட்பது ஒருவழிப் பாதையாக இருக்கக்கூடாது. சபையின் பதிவு, கணக்கு, பாதுகாப்புக் கொள்கை எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு நீங்களும் கொடுங்கள். பல சபைகளில் பாதுகாப்புக் கொள்கை என்ற காகிதமே இருக்காது. இல்லையென்றால் இந்தச் சாக்கில் எழுதிவிடுங்கள்.

5. முதல் சந்திப்பு

அவர்கள் அலுவலகத்துக்கு நீங்கள் போங்கள். காலி கையோடு போங்கள். ‘நாங்கள் இதைத் தரலாமென்று இருக்கிறோம்’ என்று பட்டியலோடு போனால் அவர்கள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். தேவையில்லாததைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவீர்கள்.

கேட்க வேண்டிய கேள்வி: ‘உங்களுக்கு எது வேண்டாம்?’

இதற்கு வரும் பதில்தான் உண்மையான பதில். பொருள் வைக்கும் அறையைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல மனதோடு கொடுத்தவை எல்லாம் அங்கே மூட்டை மூட்டையாக இருக்கும்: பிடியறுந்த பை, ஜோடியில்லாத செருப்பு, இன்னும் பத்து நாளில் காலாவதியாகும் டின்கள், பெரியவர்கள் சட்டைக்கு நடுவே ஒரே ஒரு குழந்தை உடுப்பு. இதைப் பிரித்து அடுக்க ஓர் ஆளின் முழுநாள் போகிறது. பாதி குப்பைக்குப் போகிறது, அதைத் தூக்கவும் அவர்கள்தான் பணம் கட்டுகிறார்கள். இந்த அறையைக் கமிட்டியில் ஒருவராவது கண்ணால் பார்க்கட்டும். பழைய துணி சேகரிப்பு ஞாயிறு பற்றிய பேச்சு அதோடு முடிந்துவிடும்.

பெரும்பாலும் அவர்கள் கேட்பது கவர்ச்சியில்லாதவை. மாதாமாதம் தவறாமல் வரும் பணம். வார நாளில் பகல் நேரத்தில் வரக்கூடிய இரண்டு பேர். படிவம் நிரப்பத் தெரிந்த ஓய்வுபெற்ற ஊழியர். கடன் ஆலோசனை நடத்த, வெளியாட்கள் காதில் விழாத ஓர் அறை. பண்டிகைக் காலத்தில் எல்லோரும் கொடுக்கிறார்கள், அதற்கப்புறம் வரும் மாதங்களில் வறட்சி என்பதையும் சொல்வார்கள். உங்கள் பங்களிப்பை அந்த வறட்சி மாதங்களுக்கு வைத்தால் அதுவே பெரிய உதவி.

6. புரிந்துணர்வு ஒப்பந்தம்

இரண்டு, மூன்று பக்கம் போதும். வக்கீல் எழுத வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. கட்டடத்தை நீண்ட காலம் கொடுப்பதாக இருந்தாலோ, சம்பள ஊழியரைப் பகிர்வதாக இருந்தாலோ வக்கீலிடம் காட்டுங்கள். வரைவு, திருத்தம், இரு கமிட்டிகளின் ஒப்புதல் என்று ஆறு வாரம் ஒதுக்குங்கள்.

எதற்காகச் சேர்கிறோம், யார் எதைச் செய்வது, யார் எதற்குப் பணம் கட்டுவது, எத்தனை காலம் என்பவற்றை எல்லோரும் எழுதுவார்கள். விட்டுப்போவது கீழ்க்கண்டவைதான். இவற்றில்தான் பின்னால் மனக்கசப்பு வரும்.

அ. மதம். உதவி பெறுபவர் ஜெபத்தில் உட்கார வேண்டுமா, கைப்பிரதி வாங்க வேண்டுமா? என் கருத்து: கூடாது. உதவிக்கு முன்னால் ஜெபம் வைத்தால் பசித்தவருக்கு மறுக்கும் வழி இல்லை. சபை மூப்பர்களுக்கு இது கசந்தால் ஒரு தகவலைச் சொல்லுங்கள்: செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் வெளியிட்ட பேரிடர் நிவாரண நடத்தை நெறி, உதவியை எந்த மதக் கருத்தையும் பரப்பப் பயன்படுத்தக்கூடாது என்கிறது. அதை முன்னின்று கொண்டுவந்தவர்களில் உலகத் திருச்சபைகள் மன்றம், கத்தோலிக்கத் தொண்டு அமைப்பான காரித்தாஸ், லூத்தரன் உலக சம்மேளனம் ஆகியவையும் உண்டு. யாராவது தானாக வந்து ‘எனக்காக ஜெபியுங்கள்’ என்று கேட்டால் தனியாக ஜெபிக்கத் தடையில்லை என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். சில நாடுகளிலும் மாநிலங்களிலும் இது மதமாற்றச் சட்டப் பிரச்சினையாகவே மாறும் என்பதால் இந்தப் பத்தியைத் தெளிவாக எழுதுங்கள்.

ஆ. படம். உதவி வாங்கும் கையையும் முகத்தையும் படமெடுத்து சபை வாட்ஸ்அப் குழுவில் போடக்கூடாது. குழந்தைகள் படம் அறவே கூடாது. அறிக்கைக்குப் படம் வேண்டுமென்றால் அடுக்கிவைத்த பொருள்களை எடுங்கள்.

இ. விவரங்கள். பயனாளிகளின் பெயர், முகவரி, கடன், நோய் எல்லாம் நிறுவனத்திடம் இருக்கட்டும். சபைக்கு எண்ணிக்கை மட்டும் போதும். ‘யார் யார் வாங்குகிறார்கள் என்று தெரிந்தால் ஜெபிக்கலாமே’ என்று பட்டியல் கேட்பவர் இருப்பார். கொடுக்காதீர்கள். அந்தப் பட்டியலில் உங்கள் சபையாரே இருக்கக்கூடும்.

ஈ. சாவி. மண்டபச் சாவி யாரிடம், கழிப்பறையை யார் திறப்பது, யார் கூட்டுவது, மின்கட்டணம் யாருடையது, திடீரென்று திருமணமோ அடக்க ஆராதனையோ வந்தால் அந்த வாரம் என்ன செய்வது? அற்பமாகத் தெரியும். பூட்டிய கதவுக்கு வெளியே நாற்பது பேர் நிற்கும்போது அற்பமாகத் தெரியாது.

உ. விலகல். எந்தத் தரப்பும் மூன்று மாத முன்னறிவிப்போடு விலகலாம் என்று எழுதுங்கள். பாதுகாப்புப் புகாரோ பண முறைகேடோ வந்தால் உடனே நிறுத்தலாம் என்றும் சேருங்கள்.

7. பணம்

இந்த வேலைக்கென்று வரும் காணிக்கையைச் சபைப் பொது நிதியோடு கலக்காதீர்கள். தனி வங்கிக் கணக்கு இல்லாவிட்டாலும் கணக்குப் புத்தகத்தில் தனித் தலைப்பு வேண்டும். ஏழைகளுக்கென்று அறிவித்து வாங்கிய பணத்தில் கூரை வேயக்கூடாது. பின்னர் திருப்பிப் போட்டுவிடலாம் என்ற நினைப்பிலும் கூடாது.

காணிக்கையை எண்ணும்போது ஒருவருக்கொருவர் உறவினர் அல்லாத இருவர். தொகையை இருவரும் அங்கேயே எழுதிக் கையெழுத்திட வேண்டும். ‘நம்ம அண்ணாச்சி மேல சந்தேகமா?’ என்று கேட்பவரை 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரம் 20, 21 வசனங்களைப் படிக்கச் சொல்லுங்கள். எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைக் கொண்டுபோகும்போது யாரும் குறைசொல்ல இடமில்லாதபடி பவுலே ஆட்களைக் கூட வைத்துக்கொண்டார்.

ரசீது யார் தருவது என்பதை முன்கூட்டியே அறிவியுங்கள். சபை உண்டியலில் போட்ட பணத்துக்குத் தொண்டு நிறுவனம் தன் பெயரில் ரசீது தர முடியாது. வரிச்சலுகை வேண்டுபவர்கள் நேராக நிறுவனத்தின் கணக்கில் செலுத்தி அங்கேயே ரசீது வாங்கட்டும். சபைக்கு அதில் வருத்தம் வேண்டாம்.

இந்தியச் சபைகளுக்கு ஒரு கடுமையான எச்சரிக்கை. எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) வழியாக வந்த வெளிநாட்டுப் பணத்தை 2020 திருத்தத்துக்குப் பிறகு வேறு எந்த அமைப்புக்கும் மாற்றக்கூடாது. அந்த அமைப்புக்கும் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இருந்தாலும் கூடாது. வெளிநாட்டில் குடியுரிமை பெற்றுவிட்ட நம் ஆட்கள் அனுப்புவதும் வெளிநாட்டுப் பணமாகவே கருதப்படும். ஆகவே இந்தக் கூட்டு வேலைக்கு உள்நாட்டுக் காணிக்கை மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், சந்தேகம் இருந்தால் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

வங்கி எண் மாறிவிட்டதாக மின்னஞ்சல் வந்தால் உடனே அனுப்பாதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் தொலைபேசி எண்ணில் கூப்பிட்டு, தெரிந்த குரலிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

முதல் வருடச் செலவில் பலர் மறப்பவை: தன்னார்வலர் போக்குவரத்து, பின்னணிச் சோதனைக் கட்டணம், மண்டபத்தின் கூடுதல் மின்சாரமும் துப்புரவும், கட்டடக் காப்பீட்டில் வரும் உயர்வு, கணக்கில் தனித் தலைப்பு கூடுவதால் ஆடிட்டர் கேட்கும் கூடுதல் தொகை. காப்பீட்டு நிறுவனத்துக்கு முன்னதாகவே கடிதம் எழுதுங்கள். மண்டபத்தில் புதிதாக என்ன நடக்கிறது என்று தெரிவிக்காமல் விட்டால், விபத்து நேரும்போது அதையே காரணம் காட்டி மறுப்பார்கள்.

8. ஆட்கள்

ஆராதனையில் ‘விருப்பமுள்ளவர்கள் கை தூக்குங்கள்’ என்று கேட்காதீர்கள். நிறையக் கை எழும்பும், மூன்றாம் வாரம் ஆள் இருக்காது. பெயர், எந்த நாள், எந்த நேரம், எத்தனை மாதம் என்று சின்னப் படிவம் கொடுத்து வாங்குங்கள். ஒரு வேலைக்கு இரண்டு பேர் பெயர் இருக்கட்டும்.

குழந்தைகளோடும் நலிந்த பெரியவர்களோடும் பழகும் வேலை என்றால் பின்னணிச் சோதனை தேவை. இங்கிலாந்து, வேல்ஸில் டி.பி.எஸ். என்ற குற்றப் பதிவுச் சோதனை, கனடாவில் காவல்துறையின் நலிந்தோர் துறைச் சோதனை, ஆஸ்திரேலியாவில் மாநிலங்கள் தரும் குழந்தைகளோடு பணிபுரிவதற்கான சோதனை, இந்தியாவில் காவல்துறைச் சரிபார்ப்பு. டி.பி.எஸ். சான்றுக்குத் தன்னார்வலரிடம் அரசுக் கட்டணம் கிடையாது, ஆனால் இடையில் நின்று செய்துகொடுக்கும் அமைப்பு தனக்கென்று ஒரு தொகை கேட்கலாம். சோதனை முடியச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால் ஒப்பந்த வரைவு ஓடிக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பியுங்கள். சான்று வருவதற்கு முன் ‘இந்த ஒரு வாரம் மட்டும்’ என்று யாரையும் நிறுத்தாதீர்கள், அவர் போதகரின் மனைவியாக இருந்தாலும்.

பயிற்சியை நிறுவனம் கொடுக்கட்டும். புகார் வந்தால் யாரிடம் சொல்வது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் போக்சோ சட்டப்படி, குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம். ‘சபைக்குள்ளேயே பேசி முடிக்கலாம்’ என்பதற்கு இடமில்லை.

9. உணவு கொடுப்பதாக இருந்தால்

உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகளைச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள்: சமைத்ததை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது, சூடாகக் கொடுப்பது 60 டிகிரி செல்சியஸுக்கு மேல், குளிரில் வைப்பது 5 டிகிரிக்குக் கீழ். உணவு உரிமமோ பதிவோ வேண்டுமா என்று உள்ளாட்சியில் கேளுங்கள், இலவசமாகக் கொடுத்தாலும் பல இடங்களில் வேண்டும். முடிந்தால் உணவுப் பொருளுக்குப் பதில் கடை வவுச்சர் கொடுப்பது நல்லது. என்ன வாங்குவது என்பதை அந்த வீட்டுக்காரர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

10. முதல் மூன்று மாதம்

திறப்பு விழா, பேனர், பொன்னாடை எதுவும் வேண்டாம். ஒரே ஒரு வேலையை எடுத்து மூன்று மாதம் நடத்திப் பாருங்கள். வரிசை தெருவில் நிற்காமல் உள்ளே உட்கார இடம் போடுங்கள். தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்பதற்காகவே வராமல் போகிறவர்கள் உண்டு. பக்கத்து வாசல் இருந்தால் அதைத் திறந்துவையுங்கள்.

மாதம் ஒருமுறை இரு தரப்பிலிருந்தும் இருவர் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசினால் போதும். பேசியதை அன்றைக்கே நான்கு வரியில் எழுதி இரு தரப்புக்கும் அனுப்புங்கள். சபையார் நேரடியாக நிறுவன ஊழியருக்குப் போன் செய்து ‘எங்க வீட்டு வேலைக்கார அம்மாவுக்கு ஏதாவது பண்ணுங்க’ என்று கேட்பது கட்டாயம் நடக்கும். எல்லாக் கோரிக்கையும் வழக்கமான விண்ணப்ப முறையில்தான் என்று அறிவிப்பு நேரத்தில் முதல் வாரமே சொல்லிவிடுங்கள்.

11. வருட முடிவு

ஒப்பந்தம் முடியும் தேதிக்கு மூன்று மாதம் முன்பே நாட்காட்டியில் குறித்து வையுங்கள். நிறுவனத்திடம் ஒரு பக்க அறிக்கை கேளுங்கள்: எத்தனை குடும்பங்கள், பணம் எதற்குப் போனது, எது சரிவரவில்லை. மனதை உருக்கும் கதைகள் கேட்காதீர்கள். கேட்டால் ஊழியர்கள் அதற்காக யாரையாவது பேசவைக்க வேண்டியிருக்கும். சபைப் பொருளாளர் தன் பக்கத்துக் கணக்கையும் அதே தாளின் பின்பக்கத்தில் போட்டு இரு கமிட்டிக்கும் கொடுக்கட்டும்.

தொடர்வதானால் தொகையையும் தேதியையும் மாற்றிப் புதிய கையெழுத்து வாங்குங்கள். பழைய ஒப்பந்தம் தானாக நீண்டுவிட்டதாக நினைத்து ஓட்டாதீர்கள். முடிப்பதானால், உங்கள் மண்டபத்துக்கு வந்துகொண்டிருந்த குடும்பங்களுக்கு அடுத்து எங்கே போவது என்ற முகவரியை நிறுவனம் எழுதிக் கொடுத்த பிறகு சாவியைத் திரும்ப வாங்குங்கள்.